இணைப்பு: ஏழு முட்டைகள்

ஒரு காட்டில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு வரும், பழத்துக்கு வரும், நல்ல பொந்துக்கும் வரும். வெயிலுக்கு மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. செங்கரட்டுக் காடு என்று அதற்குப் பெயர். காலை எட்டு மணிக்கே பாறையில் கால் வைக்க முடியாது. பங்குனி பிறந்துவிட்டால் பாம்புகள்கூட ஓரமாக நின்று யோசித்துவிட்டுத்தான் பாதையைக் கடக்கும்.

அந்தக் காட்டு ராஜாவான சிங்கம் இதைப் பார்த்து, இத்தனை வெயிலும் வீணாகிறதே என்று வருத்தப்பட்டு, ஒரு திட்டத்தை அறிவித்தார். ஒரே வருடத்தில் ஆயிரம் வீடுகளுக்குச் சோலார் தகடு. வருடக் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது பதினேழு வீடுகளில் தகடு வேலை செய்தது. ராஜா சோர்ந்துவிடவில்லை. இலக்கைப் பத்தாயிரமாக உயர்த்தினார். அதற்கடுத்த பத்து வருடத்தில் பதினேழு பத்தொன்பது ஆனது, இலக்கு ஒரு லட்சம் ஆனது. காட்டில் மொத்தமே நாலாயிரம் வீடுகள்தானே என்று சிலர் கேட்டார்கள். விசாரித்ததில் அவர்கள் வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்று தெரியவந்தது.

அந்தக் காட்டில் குஞ்சரம்மாள் என்று ஒரு காட்டுக்கோழி இருந்தாள். குஞ்சரம் என்றால் யானை. ஆள் முக்கால் கிலோ தேறமாட்டாள். முச்சந்தியில் கரையான் புட்டுக் கடை வைத்திருந்தாள். அவள் புட்டைச் சாப்பிட்டுவிட்டுக் குறை சொன்னவர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது, குறை சொல்வதையே தொழிலாகக் கொண்ட காக்கைகள் உட்பட.

அந்த வருடம் அவள் ஏழு முட்டைகள் இட்டிருந்தாள். உட்கார்ந்து அடைகாக்க அவளுக்கு ஆசைதான். ஆனால் இரண்டு வருடமாக மூட்டுவலி. கொக்கு வைத்தியர் அவள் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அரைமணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்காரவே கூடாது என்று சொல்லியிருந்தார். கொக்குக்கு இதில் என்ன தெரியும், அவர் ஒற்றைக் காலில் நிற்கிற ஆள் என்று அவள் கணவர் சொன்னார். வலித்தது கணவருக்கு இல்லை. எனவே குஞ்சரம்மாள் ஒரு இன்குபேட்டர் பெட்டி வாங்கினாள். உள்ளே ஒரு பல்ப் எரியும், ஓரத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும், முட்டை இருபத்தோரு நாளில் பொரிந்துவிடும்.

பெட்டியில் ஒரு குறையும் இல்லை. மின்சாரத்தில்தான் குறை. காலையில் இருக்கும், சாயங்காலம் இருக்கும். நடுப்பகலில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும், மூன்று மணி நேரம் கழித்து வரும். முதல் நாள் போனபோது குஞ்சரம்மாள் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து முட்டைகளின் மேல் உட்கார்ந்தாள். அரைமணி நேரத்தில் முழங்கால் விண்ணென்று தெறித்தது. எழுந்து நின்றாள். ஒரு முட்டையை அலகால் புரட்டிக் கன்னத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். அது ஆறிக்கொண்டே வந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, தன் முட்டை தன் கன்னத்தில் ஆறுவதை அவளால் தாங்க முடியவில்லை. அன்றே சோலார் ஆபீசுக்குக் கிளம்பினாள்.

சோலார் ஆபீஸ் ஒரு பெரிய ஆலமரத்தின் அடியில் இருந்தது. வெயில் எட்டிப்பார்க்காத இடமாகப் பார்த்துத்தான் அதைக் கட்டியிருந்தார்கள். அலுவலர் ஒரு கரடி. கரியமாணிக்கம் என்று பெயர். பதினோரு வருடமாக அதே நாற்காலியில் இருந்தார். எழுந்தால் நாற்காலி வேறு யாருக்காவது போய்விடும் என்ற பயத்தில் அவர் வீட்டுக்குக்கூடப் போவதில்லை. சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேயேதான். அவருடைய தொந்தி வருடத்துக்கு வருடம் இறங்கி, மேசையின் கீழ்த்தட்டை முழுவதுமாக மூடியிருந்தது. நிலுவைக் கோப்புகளை அவர் அந்தக் கீழ்த்தட்டில்தான் வைப்பார். ஒரு கோப்பு உள்ளே போகும்போது தொந்தி கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், பிறகு மூடிக்கொள்ளும்.

வரிசையில் குஞ்சரம்மாளுக்கு முன்னால் நின்றவள் நீலாயதாட்சி என்ற முள்ளம்பன்றி. அவளை ஒட்டி யாரும் நிற்க முடியாது என்பதால் வரிசை இருப்பதைவிட இரண்டு மடங்கு நீளமாகத் தெரிந்தது. நீலாயதாட்சியின் வளையின் மேல் தகடு பொருத்தி இரண்டு வருடம் ஆகிறதாம். இணைப்புதான் கொடுக்கவில்லையாம். இப்போதைக்கு அதில் வடகம் காயவைப்பதாகச் சொன்னாள். நன்றாகக் காய்கிறதாம், அந்த வகையில் திட்டத்தைக் குறை சொல்ல முடியாதாம்.

கரியமாணிக்கம் குஞ்சரம்மாளிடம் ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்தார். கூரையின் பரப்பு என்ன என்று கேட்டிருந்தது. அவள் வீடு ஒரு உண்ணிப்பூப் புதர். கூரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று அவளுக்கே தெரியாது. குத்துமதிப்பாக எழுதினாள். அடுத்து, அந்த இடத்தில் வெயில் படுகிறதா என்று ஆய்வாளர் வந்து பார்த்துச் சான்று தரவேண்டும். ஆய்வாளர் அன்று மாலையே வந்துவிட்டார். அந்தத் துறையில் வேகமாக நடந்த காரியம் அது ஒன்றுதான். ஆனால் ஆய்வாளர் ஒரு ஆந்தை. பகலில் அவருக்குக் கண் கூசும். ஏழு மணிக்கு வந்து, புதரைச் சுற்றி நிதானமாக நடந்து பார்த்து, 'இவ்விடத்தில் வெயில் காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இதைக் கேட்டதும் அவள் கணவர் சேவுகப்பெருமாளுக்குக் கோபம் வந்தது. அவர் சேவல். தினமும் விடியற்காலையில் தான் கூவுவதால்தான் சூரியன் வருகிறது என்பது அவருடைய நம்பிக்கை. நம்பிக்கை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார், அவரைப் பொறுத்தவரை அது அனுபவம். நான் கூப்பிட்டு வருகிற வெயிலுக்கு என் பெண்டாட்டி வரிசையில் நிற்பதா என்று மறுநாள் அவரே ஆபீசுக்குப் போனார்.

கரியமாணிக்கம் அவர் சொன்னதை முழுவதும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்:

"அப்ப சூரியனைக் கொண்டுவர்றது நீங்கதான்?"

"நாந்தான். எங்க தாத்தா காலத்துலேர்ந்து எங்க குடும்பம்தான்."

"உற்பத்தியாளர் உரிமம் வெச்சிருக்கீங்களா?"

சேவுகப்பெருமாளிடம் உரிமம் இல்லை. உரிமம் இல்லாமல் இத்தனை வருடம் சூரியனைக் கொண்டுவந்தது பெரிய குற்றம், நல்ல ஆளாகத் தெரிவதால் விட்டுவிடுகிறேன், உரிமம் வரும்வரை கூவக்கூடாது என்று கரியமாணிக்கம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். சேவுகப்பெருமாள் அந்தத் தாளைக் கொஞ்சம் பெருமையாகத்தான் வாங்கிவந்தார். நாளைக்குக் காடே இருட்டில் கிடக்கும், அப்போது இந்தக் கரடி என்னைத் தேடி வரும் என்று மனைவியிடம் சொன்னார்.

மறுநாள் அவர் கூவவில்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டு கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். சூரியன் வந்தது. வழக்கமான நேரத்துக்கு, வழக்கமான இடத்தில். சேவுகப்பெருமாள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அனுமதி இல்லாம வந்திருக்கு," என்றார்.

அதற்கு மறுநாளும் வந்தது. அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். எட்டு மணிவரை தூங்கத் தொடங்கினார். காட்டில் யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை என்பதுதான் அவருக்கு மிகவும் வருத்தம்.

குஞ்சரம்மாளுக்குக் கணவரைத் தேற்ற நேரமில்லை. பெட்டியில் முட்டை வைத்து ஐந்து நாளாகிவிட்டது. ஒவ்வொரு மத்தியானமும் அரைமணி உட்கார்ந்து, பிறகு சருகு போட்டு மூடி, மேலே தன் பழைய போர்வையைப் போர்த்திக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் ஆபீசில் விண்ணப்பத்தின் பதினான்காம் கட்டத்துக்கு வந்தார்கள். 'மின்சாரம் யாருடைய உபயோகத்துக்கு' என்று இருந்தது. அவள் 'குஞ்சுகளுக்கு' என்று எழுதியிருந்தாள்.

எங்கே குஞ்சுகள் என்று கரியமாணிக்கம் கேட்டார். இனிமேல்தான் பொரிய வேண்டும் என்றாள். பொரியாத குஞ்சு பயனாளி ஆகாது, முட்டை இருப்பதற்கான ஆதாரத்தையாவது இணைக்க வேண்டும் என்றார். ஆதாரம் என்றால் என்ன கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, வைக்கோல் பரப்பிய ஒரு கூடையில் ஏழு முட்டைகளையும் வைத்துப் போர்வையால் சுற்றி எடுத்துவந்து ஜன்னலில் வைத்தாள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தாள்.

கரியமாணிக்கம் ஒவ்வொன்றாக எண்ணினார். விண்ணப்பத்தின் அடியில் 'இணைப்பு: முட்டை – 7' என்று எழுதினார். கூடையைக் கோப்போடு சேர்த்து நாடாவால் கட்டினார். தொந்தி தூக்கிக் கொடுத்தது. கூடை கீழ்த்தட்டுக்குள் போனது. தொந்தி மூடிக்கொண்டது.

குஞ்சரம்மாள் முட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள். கொடுக்க முடியாதாம்.

"இணைப்பைப் பிரிச்சா கோப்பு செல்லாதும்மா. கோப்பு முடிஞ்சதும் தானா வந்துடும்."

"எப்ப முடியும்?"

கரியமாணிக்கம் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். பதினோரு வருடத்தில் தன் கையால் எந்தக் கோப்பும் முடிந்ததில்லை என்று சொன்னார். அந்தப் பத்தொன்பது வீடுகள் எப்படி என்று கேட்டதற்கு, அவையெல்லாம் ராஜாவின் சொந்தக்காரர்கள், அவர்கள் விண்ணப்பிப்பதில்லை என்றார்.

அவள் கெஞ்சிப் பார்த்தாள். கத்திப் பார்த்தாள். ஜன்னலில் ஏறி எட்டிப் பார்த்தாள். தொந்திக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. இணைப்பைப் பார்வையிட வேண்டுமென்றால் தனியாக ஒரு மனு கொடுக்க வேண்டுமாம். கொடுத்தாள். அதுவும் கீழ்த்தட்டுக்குப் போனது.

நாலு நாள் அவள் கடையைத் திறக்கவில்லை. தினமும் காலையில் வந்து வரிசையில் நின்றாள், சாயங்காலம் ஆபீஸ் மூடியதும் போனாள். நான்காம் நாள் யாரோடும் பேசுவதை நிறுத்திவிட்டாள். பல்ப் இல்லை, சருகு இல்லை, அம்மா இல்லை, ஏழும் என்றைக்கோ ஆறியிருக்கும் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. பெட்டியையே தொட்டிருக்கக் கூடாது, கால் உடைந்தாலும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஒருமுறை முணுமுணுத்தாள். நீலாயதாட்சிக்கு அவளைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்ல வேண்டும் போல இருந்தது. தன் உடம்பை ஒருமுறை பார்த்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே நின்று ஆறுதல் சொன்னாள்.

அன்றைக்கு நீலாயதாட்சியின் முறை வந்தபோது, அவள் விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டிருப்பதாகச் சொல்லிக் கரியமாணிக்கம் அவள் கோப்பைக் கீழ்த்தட்டிலிருந்து உருவிக் கொடுத்தார். அதை வாங்கிய நீலாயதாட்சி 'ஸ்' என்று கையை உதறினாள். தாளில் சூடு இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. கீழே விழுந்த கோப்பைக் குஞ்சரம்மாள் குனிந்து எடுத்தாள்.

எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கோப்பைக் கன்னத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். இட்லிக் கொப்பரையிலிருந்து எடுத்துக் கொஞ்சம் ஆறவிட்ட துணி போல இருந்தது. லேசான ஈரம், ஒரே சீரான சூடு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் அம்மாவின் வயிற்றுக்கு அடியில் இருந்த சூடு இது. தன் வயிற்றுக்கு அடியில் இருக்கிற சூடு. நாலு பிரசவம் பார்த்த கோழிக்கு இதை யாரும் அளந்து சொல்ல வேண்டியதில்லை.

அவள் மெதுவாகத் தலையைத் தூக்கிக் கரியமாணிக்கத்தைப் பார்த்தாள். இத்தனை நாள் ஒரு மலைபோல் குறுக்கே நின்ற தொந்தி இப்போது அவள் கண்ணுக்கு வேறு மாதிரித் தெரிந்தது. ராவும் பகலும் எழுந்திருக்காத ஆள். மின்வெட்டு இல்லாத ஆள். அவரைவிட ஒரு நல்ல அடைக்கோழியை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை.

ஆனால் முட்டைக்குச் சூடு மட்டும் போதாது. நாளுக்கு நாலைந்து தடவை புரட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருப்பது ஒரு பக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதற்கும் ஒரு வழி இருந்தது. யாராவது வந்து "என் கோப்பு என்ன ஆச்சு" என்று கேட்டால், கரியமாணிக்கம் கீழ்த்தட்டில் கையைவிட்டு எல்லாவற்றையும் ஒரு புரட்டுப் புரட்டுவார், பிறகு நிலுவை என்பார். குஞ்சரம்மாள் அன்றே வரிசையில் நின்ற எல்லோரிடமும் பேசினாள். காலை ஒன்பதுக்கு நீலாயதாட்சி கேட்க வேண்டும். பதினொன்றுக்கு முயல். இரண்டு மணிக்கு அவள். நாலரைக்கு ஆமை, அவர் இரண்டரைக்கே கிளம்பிவிட வேண்டும். யாரும் கோபமாகக் கேட்கக்கூடாது. வேகமாகப் புரட்டினால் முட்டை தாங்காது.

மறுநாளிலிருந்து அவள் கடையைத் திறந்தாள். முதல் ஈடு புட்டை இலையில் மடித்துக் கரியமாணிக்கத்துக்கு எடுத்துப் போனாள். பசித்து அவர் எழுந்துவிட்டால் என்ன செய்வது. கரடிகளுக்குக் கரையான் என்றால் உயிர். இருந்தாலும் கரியமாணிக்கம் இலையைத் தொடாமல் கேட்டார்:

"இது லஞ்சமாம்மா?"

"எதையாவது செய்யறதுக்குக் கொடுத்தாத்தானே ஐயா லஞ்சம். இது நீங்க ஒண்ணும் செய்யாம இருக்கறதுக்கு."

அவர் விதிகளை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். தடை எதுவும் இல்லை. வாங்கிச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றார். பதினோரு வருடத்தில் அந்த ஜன்னல் வழியாக அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

முட்டை வைத்த பத்தொன்பதாம் நாள் வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அன்று காலை ஆபீசில் ஒரே பரபரப்பு. ராஜா அடுத்த வாரம் ஆய்வுக் கூட்டம் வைத்திருக்கிறாராம். நிலுவையில் இருக்கும் அத்தனை கோப்புகளையும் இன்றைக்கே முடித்தாக வேண்டும் என்று உத்தரவாம். குஞ்சரம்மாள் ஓடிவந்தபோது கரியமாணிக்கம் நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் பற்றிக்கொண்டு எழுந்திருக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். எழுந்தால்தான் கீழ்த்தட்டை ஒட்டுமொத்தமாகக் காலி செய்ய முடியும். பேனாவை உதறி மையைப் பார்த்துவைத்திருந்தார். ஆந்தையின் சான்றில் 'காணப்படவில்லை' என்ற சொல்லில் கடைசி நாலு எழுத்துகளை அடித்து, 'காணப்பட்டது' என்று திருத்தியும் வைத்திருந்தார்.

"வாங்கம்மா," என்றார். "உங்களுதுதான் முதல் கோப்பு. கையெழுத்துப் போடப்போறேன். சாயங்காலமே தகடு வந்துடும்."

குஞ்சரம்மாள் எத்தனை நாள் இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். இப்போது அதைக் கேட்டதும் நாளைத்தான் எண்ணிப் பார்த்தாள். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. உள்ளே ஏழும் இந்நேரம் அலகை ஓட்டின் பக்கம் திருப்பியிருக்கும். இப்போது போய்க் குளிர்ந்த காற்று பட்டால், தகட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

"கையெழுத்துப் போடாதீங்க ஐயா," என்றாள். "என் விண்ணப்பத்துல குறை இருக்கு."

கரியமாணிக்கம் பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். "என்ன சொன்னீங்க?"

"கூரையோட பரப்பைக் குத்துமதிப்பாத்தான் எழுதினேன். என் பேரும் தப்பு. குஞ்சரம்மாள்னா யானை. நான் கோழி. விசாரிக்கணும். நல்லா நிதானமா விசாரிக்கணும்."

கரடி அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். தொந்தி கீழ்த்தட்டின் மேல் மறுபடி இறங்கியது. அவர் கண் கலங்கியிருந்தது.

"பதினோரு வருஷத்துல இந்த ஜன்னல்ல வந்து நின்ன ஒரு ஆளுகூட இப்படிச் சொன்னதில்லம்மா," என்றார். "எல்லாரும் குறை என்மேலதான் சொல்வாங்க."

உடனே நீலாயதாட்சியும் முன்னால் வந்து, தன்னுடைய கோப்பிலும் ஏகப்பட்ட தவறுகள் இருப்பதாகவும், அவசரப்பட்டு இணைப்புக் கொடுத்தால் வடகம் காயவைக்க இடம் இருக்காது என்றும் சொன்னாள். முயல் தன் வளைக்கு மூன்று வாசல் இருப்பதை மறைத்துவிட்டதாக ஒப்புக்கொண்டது. ஆமை தன் கூரை அடிக்கடி இடம் மாறும் என்பதை எழுத மறந்துவிட்டாராம். மத்தியானத்துக்குள் வரிசையில் நின்ற அத்தனை பேரும் தங்கள் விண்ணப்பத்தின்மேல் தாங்களே ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆட்சேபம் வந்த கோப்பை விசாரிக்காமல் முடிக்கக்கூடாது. எல்லாம் கீழ்த்தட்டிலேயே இருந்தது. ஆட்சேபத் தாள்கள் மேலே சேர்ந்ததில் உள்ளே இன்னும் கொஞ்சம் கதகதப்பாகக்கூட ஆனது.

இருபத்தோராம் நாள் முற்பகல், ஆமை வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்துவிட்ட ஆச்சரியத்தில் எல்லோரும் இருந்தபோது, மேசைக்கு அடியிலிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம் வந்தது.

"யாரது," என்றார் கரியமாணிக்கம். "வரிசையில வாங்க."

மறுபடி 'கீச்'. தொந்தி முடி லேசாக அசைந்தது. அதற்குள்ளிருந்து ஒரு ஈரமான தலை வெளியே வந்தது. கழுத்தில் கோப்பு நாடா மாலை மாதிரி கிடந்தது. அது கரியமாணிக்கத்தை நிமிர்ந்து பார்த்தது. கரியமாணிக்கம் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்து ஒரு ஆட்சேபத் தாளைக் கொத்திப் பார்த்தது. ஏழும் வந்துவிட்டன. கரடி மூச்சுவிடவும் பயந்துபோய்ச் சிலைபோல் இருந்தார். ஒன்று அவர் மூக்கின் மேல் ஏறி உட்கார்ந்து தூங்கிவிட்டது.

குஞ்சரம்மாள் ஜன்னலில் ஏறி நின்று 'கொக் கொக்' என்று கூப்பிட்டாள். குஞ்சுகள் அவளைப் பார்த்தன. கரடியைப் பார்த்தன. திரும்பித் தொந்திக்குள் போய்விட்டன.

இருபத்தோரு நாள் தவித்ததைவிட அந்த ஒரு நிமிடம் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அவள் கடை நடத்துகிறவள். அன்றைக்குக் கொண்டுவந்திருந்த புட்டுப் பொட்டலத்தைப் பிரித்து ஜன்னலில் உதிர்த்துப் பரப்பினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு தலை எட்டிப்பார்த்தது. பிறகு ஏழும் வந்து அவள் காலைச் சுற்றிக்கொண்டு தின்றன. தின்று முடித்ததும் போகவில்லை. குஞ்சரம்மாள் மூட்டுவலியை மறந்து உட்கார்ந்து சிறகை விரித்தாள்.

கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டாள். கரியமாணிக்கம் பேரேட்டைப் பார்த்தார். அதில் முட்டை ஏழு என்று இருக்கிறது, எதிரில் குஞ்சு ஏழு இருக்கிறது. பெற்ற பொருளைத்தான் திருப்பிக் கொடுக்க முடியும். அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு பேனாவை எடுத்து, 'இணைப்பு பொரிந்துவிட்டபடியாலும், மனுதாரருக்கு இனி அடைகாக்க மின்சாரம் தேவைப்படாதபடியாலும், இவ்விண்ணப்பம் நிராகரித்து முடிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினோரு வருடத்தில் அவர் முடித்த முதல் கோப்பு. வரிசையில் எல்லோரும் கைதட்டினார்கள்.

குஞ்சரம்மாள் கிளம்பும்போது அவர் கூப்பிட்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"நாளைக்கும் கூட்டிட்டு வருவீங்களா? சும்மாத்தான். ஒரு நேரடி ஆய்வு."

அவள் தினமும் கூட்டிவந்தாள்.

ஆய்வுக் கூட்டத்தில் கரியமாணிக்கம் உண்மையை மட்டும்தான் எழுதிக் கொடுத்தார். சூரிய மின் திட்டத்தில் இவ்வருடம் புதிதாக உருவான பயனாளிகள் ஏழு பேர், அனைவரும் நலம். ராஜா அதைப் படித்து மிகவும் மகிழ்ந்து, பத்தொன்பதோடு ஏழைக் கூட்டி இருபத்தாறு என்று முழங்கி, இலக்கை இரண்டு லட்சமாக உயர்த்தினார்.

செய்தி காடு முழுவதும் பரவியது. அடுத்த முட்டைக் காலத்தில் சோலார் விண்ணப்பங்கள் குவிந்தன. நாற்பது கோழிகள், பன்னிரண்டு மயில்கள், ஒரு நாரைக் குடும்பம், வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு முதலை. எல்லோரும் பதினான்காம் கட்டத்தை முதலில் நிரப்பினார்கள். தகடு எப்போது வரும் என்று யாருமே கேட்கவில்லை. அவசரம் வேண்டாம், குறைந்தது இருபத்தோரு நாளாவது ஆகட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். முதலை மூன்று மாதம் கேட்டது.

அண்டைக் காடுகளிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, பொதுமக்களிடம் சூரிய மின்சாரத்தின்மேல் இத்தனை ஆர்வத்தை எங்கும் கண்டதில்லை என்று எழுதிப் போனார்கள். வேலை கூடிவிட்டதால் சோலார் ஆபீசில் மேலும் மூன்று அலுவலர்களை நியமிக்க ராஜா உத்தரவிட்டார். தகுதி: கரடியாக இருக்க வேண்டும், உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கூடாது. இருபத்தேழு கரடிகள் நேர்காணலுக்கு வந்தன. நேர்காணல் ஒரு வாரம் நடந்தது. கடைசிவரை எழுந்து போகாத மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நீதி: சூரியன் சாயங்காலம் ஆனால் இறங்கிவிடும். நாற்காலியில் உட்கார்ந்தவர் இறங்கமாட்டார். முட்டையை எங்கே வைப்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.